திரையின் அடியில் இரண்டு வரிகள்

கணினியில் ஒரு கோப்பைத் திறந்து திருத்துவதற்கு வி-ஐ என்று ஒரு பழைய எடிட்டர் உண்டு. அதைத் திறந்தால் கறுப்புத் திரையும் இடது ஓரத்தில் வரிசையாக அலைக்குறிகளும்தான் தெரியும். அடுத்து என்ன செய்வது என்று அது சொல்லாது. ஓர் எழுத்தைத் தட்டினால் அது எழுத்தாக விழாது, கட்டளையாகப் போய்விடும். எழுத வேண்டுமென்றால் முதலில் எழுதும் நிலைக்குள் போக வேண்டும். முடிந்ததும் எஸ்கேப் விசையை அமுக்கி வெளியே வர வேண்டும். இப்போது எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை நம் மனதில்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

பிக்கோ என்று இன்னொன்று இருந்தது. அதில் தட்டியது அப்படியே விழும். அம்புக்குறி விசை காட்டிய திசையில் போகும். எந்த விசை எதற்கு என்று திரையின் அடியில் இரண்டு வரிகள் எப்போதும் எழுதியிருக்கும். எழுதப் படிக்கத் தெரிந்த யாரும் அதில் ஒரு வரியை அழித்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

ஒரு இயந்திரத்தில் இந்த இரண்டில் எதை வைப்பது என்பது ஒரு காலத்தில் என் கையில் இருந்தது. நான் வி-ஐ மட்டும் போதும் என்றேன். அதனால் ஒரு பெண்ணின் வேலை போயிற்று. அதைத்தான் எழுதப் போகிறேன். நான் நல்லவனாகத் தெரிகிற இடம் எதுவும் இதில் வராது.

எங்கள் பாட்டன்மார் கரும்பு வெட்ட வந்து தங்கிய தீவில், லௌட்டோகாவில், ஒரு தனியார் பயிற்சி நிலையம். தட்டச்சு, கணக்கு, கணினி. எண்பதுகளில் முதல் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்தபோது நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். இரண்டாயிரத்தின் கவிழ்ப்பு வந்தபோது இந்த நிலையத்தில் இருந்தேன். தலைநகர் சூவாவில் பாராளுமன்றத்துக்குள் ஆட்களைப் பிடித்துவைத்திருந்த அந்த வாரங்களில் எங்கள் ஊரில் பெரிதாக ஒன்றும் உடையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு மாதமும் ஊழியர் அறையில் ஒரு நாற்காலி காலியாகும். ஆக்லாந்து, பிரிஸ்பேன், சிட்னி. நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பிடித்து நாண்டி விமான நிலையத்துக்குப் போய் மாலை போட்டு அனுப்பிவிட்டு வருவோம். திரும்பும் வழியில் அடுத்தது யார் என்று ஒவ்வொருவரும் மற்றவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு வருவோம்.

நிலையத்தில் ஒரு சர்வர் இருந்தது. மாணவர்களின் வேலை, மதிப்பெண்கள், மின்னஞ்சல் எல்லாம் அதில்தான். அதை அமைத்தவர் ஒரு குஜராத்திக்காரர். அவரும் போனார். நாண்டியில், உள்ளே போகிற கதவருகில், கழுத்தில் மாலையோடு நின்றுகொண்டு என் காதில் பாஸ்வேர்டைச் சொன்னார். எனக்குக் கிடைத்த பயிற்சி அவ்வளவுதான். மிச்சத்தை நானே முட்டி மோதிக் கற்றேன். வி-ஐயில் சிக்கி வெளியே வரத் தெரியாமல் இயந்திரத்தின் மின்சாரத்தையே பிடுங்கிய நாட்கள் உண்டு. பிறகு அது கைக்கு வந்தபோது எனக்கு ஒரு கர்வம் வந்தது. கஷ்டப்பட்டு ஏறிய மரத்துக்கு அடுத்தவன் ஏணி கேட்டால் வருகிற எரிச்சல் அது.

அந்தப் பெண் தற்காலிக எழுத்தராக வந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தவுவாப் பக்கம் கரும்புத் தோட்டத்துக் குடும்பம். குத்தகை முடிந்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நடபுவாவில் ஒரு வீட்டின் பின்பக்க அறையில் புருஷனோடும் மகளோடும் குடியிருந்தார். புருஷனுக்கு முதுகில் அடிபட்டு வேலை இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் தமிழ் தெரியும் என்பதே ஊழியர் அறையில் ஒரு வேடிக்கை. நாங்கள் பேசினால் மற்றவர்கள், "எங்களத் திட்டுறாங்க பாரு" என்று இந்தியில் சிரிப்பார்கள்.

அவர் இயந்திரத்தைப் பார்த்துப் பயப்படவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. முதலாளி இதைக் கவனித்தார். ஒருநாள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, "மாஸ்டர் லீவில் போகும்போது நீ இந்த மெஷீனைத் தனியாகப் பார்த்துக்கொண்டால் உன்னை நிரந்தரமாக்குகிறேன்" என்று சொல்லிவிட்டார். வெளியே வந்ததும் அந்தப் பெண் நடைபாதைச் சுவரில் கை ஊன்றி நின்றார்.

"மாஸ்டர், நெசமாத்தான் சொல்றாரா?"

"சொன்னா செய்வாரு."

"அப்ப எனக்கு எல்லாத்தயும் காட்டிக்குடுத்துடுங்க. உங்க மாதிரி எல்லாம் வேணாம். கெட்டுப்போனா எழுப்பத் தெரியணும், அது போதும்."

கெட்டுப்போனால் எழுப்புவது எப்படி என்று காட்டினேன். எங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி போகும். அது திரும்பி வரும்போது சர்வர் சில சமயம் முழுதாக எழாது. பாதியில் நின்று பாஸ்வேர்ட் கேட்கும். அது பழுதுபார்க்கும் நிலை. அந்த நிலையில் டிஸ்கின் முதல் பகுதி மட்டும்தான் திறந்திருக்கும். வி-ஐ அந்தப் பகுதியில் இருந்தது. பிக்கோ இரண்டாம் பகுதியில் இருந்தது. அதாவது நல்ல நாளில் பிக்கோ கிடைக்கும். கெட்ட நாளில் கிடைக்காது. அவர் இதை உடனே பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்த லேசான எடிட்டர முன்னாடி பக்கம் தூக்கி வச்சிட்டா போச்சு. வைக்க முடியாதா?"

"முடியும்."

"வச்சிடுங்களேன் மாஸ்டர். இந்த வி-ஐ எனக்கு ஒத்துவரல. நான் ஒண்ணு அமுக்குனா அது ஒண்ணு செய்யுது. மாமியாகிட்ட பேசுற மாதிரி இருக்கு."

நான் சிரிக்கவில்லை. "பழுதுபார்க்கிற எடத்துல வெளயாட்டுச் சாமான் வைக்கக்கூடாது. வி-ஐ தெரியாதவங்க அங்க கை வைக்கவே கூடாது. படிச்சுக்க" என்றேன்.

"ஃபிக்கர் இல்ல, கவலப்படாதீங்க, படிச்சுக்கறேன். ஆனா கை நடுங்குற நேரத்துல படிச்சது நெனப்பு வருமா?"

பிக்கோவை முன்னால் வைக்கச் சொல்லி அதற்குப் பிறகும் இரண்டு முறை கேட்டார். அடுத்த வாரம் பார்க்கலாம் என்றேன்.

கர்வம் மட்டும் காரணம் என்றால் இதை எழுதியிருக்கமாட்டேன். உண்மையான காரணம் வேறு. என் மகன் ஆக்லாந்தில் இருந்தான். எனக்கும் மனைவிக்கும் நிரந்தரக் குடியிருப்புக்கு மனு போட்டிருந்தான். எங்கள் ஆட்களிடம் அப்போது ஒரு வழக்கம் இருந்தது: பாஸ்போர்ட்டில் முத்திரை விழும்வரை யாரிடமும் வாய் திறக்கக்கூடாது. கண் பட்டுவிடும் என்று பெண்கள் சொன்னார்கள். ஆண்களுக்குத் தெரிந்த காரணம் வேறு: போகிறவன் என்று தெரிந்தால் முதலாளி அன்றைக்கே வேறு ஆள் பார்த்துவிடுவார், விசா கிடைக்காமல் போனால் இரண்டும் இல்லை. அதனால் எல்லோரும் மனு போட்டோம், எல்லோரும் மறைத்தோம். சாயங்காலம் நகோனா என்கிற வேர்ச்சாற்றுக் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து குடிக்கும்போது, புதுப் பெட்டி வாங்கியவனை எல்லோரும் ஓட்டுவோம். அவன், "தங்கச்சி கல்யாணத்துக்கு பாயி" என்பான். யாரும் நம்பமாட்டோம். வழக்கப்படி கை தட்டிவிட்டு அடுத்த கிண்ணம் கேட்போம்.

அந்தப் பெண்ணுக்கு நான் எல்லாவற்றையும் லேசாக்கிக் கொடுத்தால் என்ன அர்த்தம்? மாஸ்டர் தன் இடத்துக்கு ஆள் தயார் செய்கிறார், மாஸ்டர் போகிறார். ஊழியர் அறைக்கு அரை நாளில் புரிந்துவிடும். என் மனைவியும் வீட்டில் அதையேதான் சொன்னாள். "நீங்க இல்லாம அந்த மெஷீன் ஓடாதுன்னு இருக்கட்டும். அதுதான் நமக்குப் பாதுகாப்பு." எனக்கும் அது சரியாகப் பட்டது. அந்தப் பெண்ணின் நிரந்தர வேலையும் என் பாதுகாப்பும் ஒரே எடிட்டரில் வந்து முட்டிக்கொண்டன. நான் என் பக்கம் எடுத்துக்கொண்டேன்.

மருத்துவச் சோதனைக்கும் நேர்காணலுக்கும் ஆக்லாந்து வரச் சொல்லி மகன் டிக்கெட் அனுப்பினான். பேரனின் பிறந்தநாள் என்று முதலாளியிடம் லீவு கேட்டேன். கிளம்புவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். சர்வரில் நகல்களை வைத்திருந்த இரண்டாவது டிஸ்க் கொஞ்ச நாளாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. நான் இல்லாத நேரத்தில் அது எரிந்து மற்றதையும் கெடுத்துவிடக்கூடாது என்று, இயந்திரத்தை நிறுத்தாமலே கழற்றி, ஒரு செய்தித்தாளில் சுற்றி என் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். அதைக் கழற்றினால், இயந்திரம் எழும்போது எந்தெந்த டிஸ்குகளைத் தேட வேண்டும் என்று சொல்லும் கோப்பில் அதற்கான வரியையும் எடுக்க வேண்டும். ஒரே ஒரு வரி. அன்று மகனுக்கு நகோனாத் தூளும் புளியும் வாங்கக் கடைக்குப் போகிற அவசரம். வரியை எடுக்க மறந்தேன். இயந்திரத்தை ஒருமுறை நிறுத்தி எழுப்பிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

ஆக்லாந்தில் மகன் வீட்டுச் சமையலறையில் இருந்தபோது தொலைபேசி வந்தது.

"மாஸ்டர், நான்தான். காலைல கரண்ட் போயி வந்துச்சு. மெஷீன் எழுந்திரிக்க மாட்டேங்குது. பாஸ்வேர்ட் குடுன்னு நிக்குது."

"அதுக்கு மேல என்ன எழுதியிருக்கு, படி."

அவர் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இரண்டாவது டிஸ்க்கைக் காணவில்லை என்று எழுதியிருந்தது. படித்து முடிப்பதற்குள் எனக்கு என் இழுப்பறையும் செய்தித்தாளும் கண்ணில் வந்துவிட்டன.

"ரெண்டாவது டிஸ்க்னு சொல்லுதே, அது எங்க மாஸ்டர்? பெட்டிக்குள்ள ஒண்ணுதானே இருக்கு?"

நான் பேசவில்லை. பின்னால் முதலாளியின் குரல் கேட்டது. அவர் பக்கத்திலேயே நின்றிருந்தார்.

"மாஸ்டர், இருக்கீங்களா?"

"இருக்கேன். ஒரு கோப்புல ஒரு லைன எடுக்கணும். அவ்வளவுதான் வேல."

"ஒரு லைன் எடுக்கணுமாம்" என்று அவர் முதலாளியிடம் இந்தியில் சொன்னார்.

"தோ நிகாலோ நா!" என்று முதலாளி கத்தினார். எடுக்க வேண்டியதுதானே என்று.

பாஸ்வேர்டைக் கொடுத்து உள்ளே போகச் சொன்னேன். வி-ஐயில் கோப்பைத் திறக்கச் சொன்னேன். கீழே இறங்கி அந்த வரியில் நின்று, டி விசையை இரண்டு முறை தட்டச் சொன்னேன்.

"டி டின்னு எழுத்தா விழுது மாஸ்டர்."

"எழுதுற நெலைக்குள்ள போயிருக்கே. எஸ்கேப் அமுக்கு."

"அமுக்கினேன். பீப்ங்குது."

"பரவால்ல. இன்னும் ஒரு தடவ."

"அதுக்கும் பீப்ங்குது. இது என்ன மெஷீனா, கோழிக்குஞ்சா?" என்று சிரித்தார். "மேல போக அம்பு அமுக்குனா ஏ பி சின்னு விழுது மாஸ்டர். எது நான் போட்டது, எது மொதல்லயே இருந்ததுன்னு தெரியல."

சேமிக்காமல் வெளியே வந்து மறுபடி திறக்கச் சொன்னேன். இந்த முறை வரி அழிந்தது. ஆனால் சேமிக்கும்போது எழுத அனுமதி இல்லை என்றது. பழுதுபார்க்கும் நிலையில் டிஸ்க் படிக்க மட்டும்தான் திறந்திருக்கும்; அதை முதலில் எழுதுவதற்குத் திறக்க வேண்டும். அந்தக் கட்டளையை நான் சொல்ல மறந்திருந்தேன். அதையும் சொல்லிவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அதற்குள் அவர் ஒரே விசையை இரண்டு மூன்று முறை தட்ட ஆரம்பித்திருந்தார். விசைகளின் சத்தத்திலேயே எனக்குக் கேட்டது. எழுதும் நிலையில் இருக்கிறாரா, கட்டளை நிலையில் இருக்கிறாரா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. திரையின் அடியில் சொல்வதற்கு எதுவும் இல்லை.

"சேவ் ஆயிடுச்சு மாஸ்டர்!" என்றார் ஒரு தடவை, சந்தோஷமாக. இயந்திரத்தை மறுபடி எழுப்பச் சொன்னேன். காத்திருந்தோம். முன்பைவிட மோசமாக நின்றது. முதல் டிஸ்கின் வரியும் சேர்ந்து அழிந்துபோய், கோப்பு அப்படியே சேமிக்கப்பட்டிருந்தது.

அப்போதும் அது சரிசெய்யக்கூடிய பிழைதான். நான் நிதானமாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரத்தில் முடிந்திருக்கும். ஆனால் முதலாளி ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.

"மாஸ்டர், போதும். சூவாவிலிருந்து ஒரு ஆளை வரவழைக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லுங்கள். இந்தப் பெண் என்ன செய்து வைத்தாள்?"

இந்தியில்தான் கேட்டார். சமையலறையில் என் மனைவி எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் எங்களுக்கு நேர்காணல். மறந்தது நான் என்று சொல்லியிருக்கலாம். என் இழுப்பறையில் நகல்கள் இருக்கின்றன, சூவா ஆள் எதையும் அழிப்பதற்கு முன் அதை எடுத்துப் பாருங்கள் என்றாவது சொல்லியிருக்கலாம். அதைச் சொன்னால் டிஸ்க் ஏன் அங்கே இருக்கிறது என்ற கேள்வி வரும்.

"அவளுக்கு இன்னும் பழக்கம் போதாது" என்றேன்.

"அச்சா" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் சொன்னது அவருக்குப் பக்கத்தில் நின்ற அந்தப் பெண்ணின் காதிலும் விழுந்திருக்கும். அந்தத் தொலைபேசியில் குரல் வெளியே கேட்கும்.

சூவாவிலிருந்து வந்தவர் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு வேறு ஒரு அமைப்பைப் போட்டார். மாணவர்களின் மதிப்பெண்கள் போயின. வெளிநாட்டுக்கு மனு போடச் சான்றிதழுக்குக் காத்திருந்த பிள்ளைகளின் பெற்றோர் வாசலில் வந்து கத்தினார்கள். யாரையாவது காட்ட வேண்டியிருந்தது. அந்தப் பெண்ணை அந்த வாரமே நிறுத்தினார்கள்.

எங்கள் மனு தள்ளுபடியானது. என் சிறுநீரகம் சரியில்லை என்று மருத்துவர் எழுதிவிட்டார். நான் திரும்பி வந்தபோது முதலாளி எழுந்து வந்து கையைப் பிடித்தார். "நீங்கள் இல்லாமல் ஒன்றும் ஓடாது மாஸ்டர்" என்றார். நாங்கள் விரும்பியது நடந்துவிட்டது. இழுப்பறையைத் திறந்து டிஸ்க்கை எடுத்து இணைத்துப் பார்த்தேன். அது சுற்றவில்லை. ஆக்லாந்திலிருந்தே சொல்லியிருந்தால் சுற்றியிருக்குமோ என்னவோ. பழையபடி செய்தித்தாளில் சுற்றிக் குப்பையில் போட்டேன்.

இயந்திரத்தில் பழைய அமைப்பைத் திரும்பப் போட்டேன். அன்றைக்கே பிக்கோவை, அதற்குத் தேவையான ஒன்றிரண்டு கோப்புகளோடு, டிஸ்கின் முதல் பகுதிக்கு நகலெடுத்தேன். பழுதுபார்க்கும் நிலைக்குப் போய்த் திறந்து பார்த்தேன். அடியில் இரண்டு வரிகள் வந்தன. அதை வாசிக்க அந்த அறையில் என்னைத் தவிர ஆள் இல்லை. கடைசிவரை வேறு யாரும் வரவில்லை. முதலாளியும் சில வருடங்களில் சிட்னிக்குப் போனார், நிலையம் மூடப்பட்டது, அந்த இடத்தில் இப்போது டயர் கடை.

முதல் சில மாதங்கள் நடபுவாவுக்குப் போக வேண்டும் என்று பஸ் நிலையம்வரை போயிருக்கிறேன். பஸ்ஸைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன். பிறகு அவர்கள் அந்த அறையைக் காலிசெய்துவிட்டு, ஊருக்கு வெளியே தகரக் குடிசைகள் இருக்கிற பக்கம் போய்விட்டதாகவும், அவர் ஒரு ஓட்டலில் துணி வெளுக்கப் போவதாகவும் கேள்விப்பட்டேன். முகவரி தெரியாது என்பது எனக்கு வசதியாகப் போயிற்று.

என் மனைவி மகனைப் பார்க்கப் போன இடத்தில் இறந்தாள். நான் இப்போது வோட்டுவாலேவுவில், விமானங்கள் இறங்குகிற சத்தத்துக்குக் கீழே, ஒரு வாடகை வீட்டில் இருக்கிறேன். போன வருடம் பக்கத்து வீட்டுக்காரரை வழியனுப்ப நாண்டிக்குப் போனேன். உள்ளே போகிற கதவருகில் அந்தப் பெண் நின்றிருந்தார். முடி முழுதும் நரைத்திருந்தது. விரல்கள் வீங்கித் தோல் உரிந்திருந்தன. மகளை அனுப்ப வந்திருந்தார், மருமகன் மெல்பர்னில்.

"மாஸ்டரா? இன்னும் போகலியா நீங்க?"

"எங்கயும் எடுத்துக்கல" என்றேன்.

"எங்கள யாரு கூப்புட்டா? புள்ளயாவது போகட்டும்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மகள் வரிசையில் நகர்ந்துகொண்டிருந்தாள். அவர் அதைப் பார்த்தபடியே நின்றார்.

"அந்த லைன எடுக்க மறந்தது நான்தாம்மா. டிஸ்க்க நான்தான் கழட்டி வச்சிருந்தேன்."

"தெரியும்" என்றார், திரும்பாமல். "போன்ல நீங்க பேசாம நின்னீங்களே, அப்பவே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நான் சொன்னா யாரு கேப்பா? நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். திரும்பி வந்தப்ப சொல்லுவீங்கன்னு பாத்தேன். அப்புறம் சோத்துக்கு ஓடவே நேரம் சரியாப் போச்சு."

மகள் கதவுக்கு அப்பால் மறைந்துவிட்டாள். அவர் கையை ஆட்டினார். அங்கே பார்க்க யாரும் இல்லை. பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"மாஸ்டர், அந்த லேசான எடிட்டர அப்புறமாவது வச்சீங்களா?"

"வச்சேன்."

"எவ்வளவு நேரம் புடிச்சுச்சு?"

அதில் மட்டும் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"ஊத்தி வச்ச டீ ஆறுறதுக்குள்ள முடிஞ்சுச்சு" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, லௌட்டோகா பஸ் நிற்கிற பக்கம் நடந்துபோனார்.